இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

என் கைபேசியில் விளையாட்டு எதுவும் கிடையாது. பேசுவதற்கு, வந்த செய்தியைப் பார்ப்பதற்கு, மாத்திரைக்கு அலாரம் வைப்பதற்கு, அவ்வளவுதான். சாப்பிடும்போது அது அடுத்த அறையில் கிடக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவேன். இதைப் பார்த்துப் பார்த்துத் தெருவில் என்னை ஒரு யோகியாகவே ஆக்கிவிட்டார்கள். போன மாதம் எதிர்வீட்டுக்காரர் வந்திருந்தபோது, "ஒரு சாமான எதுக்கு வாங்கினமோ அதுக்கு மட்டும் வச்சிக்கிடுததுன்னா அது அண்ணாச்சிதான். எனக்கெல்லாம் வராது பாத்துக்கிடுங்க" என்றார். அப்போது என் மனைவி அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பயத்துக்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்ன பயம் என்பதை இதுவரை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. வண்ணார்பேட்டையில், பஸ் இரைச்சல் வாசல்வரைக்கும் வரும் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். நான் பைபாஸ் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. பகல் இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால் கடைசி லாரி கிளம்பும்வரை எழுந்திருக்க முடியாது. மனைவி பாளையங்கோட்டையில் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. அதற்கான பேச்சையெல்லாம் அவள்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் என் அம்மா. அப்பா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஒருநாள் காலையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, அரிவாள்மணைக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையும் கண்ணும் மட்டும் மிச்சம். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கிளம்பும்போது ஒரு வயதான நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திச் சொன்னார்.

"மருந்து மாத்திரைய நாங்க எழுதித் தாரோம். முதுகு உங்க பொறுப்பு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க புரட்டிப் போடணும். மல்லாக்க, இடது, வலது, பெறவு மறுபடி மல்லாக்க. பகலு ராத்திரி கிடையாது. முதுகுல ஒரு புண்ணு விழுந்துட்டுன்னா பெறவு ஆளக் கொண்டுட்டுத்தான் போவும்."

துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்த என் தம்பி பத்து நாள் லீவில் வந்தான். வந்து என்ன செய்வான், பாவம். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகும் அன்று தன் கையில் கட்டியிருந்த டிஜிட்டல் வாட்சைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்தான். கறுப்பு பிளாஸ்டிக் பட்டை. முள் கிடையாது, எண்கள்தான். ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு மணி நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வரும். பூஜ்யம் வந்ததும் கத்தும். கத்திவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடி இரண்டு மணி நேரத்தில் தொடங்கும். "நான் இங்கன இருந்து செய்ய முடியல, மதினி. இது என் பேருக்கு இருக்கட்டும்" என்றான்.

என் மனைவிக்கு எதையும் கோடு போட்டுச் செய்தால்தான் செய்த மாதிரி இருக்கும். ஒரு நீளநோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். தேதி, நேரம், எந்தப் பக்கம், யார், கடைசியில் ஒரு டிக். யாருடைய முறையோ அவர் கையில் வாட்ச் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு. காலை எட்டு மணிக்கு அவள் கஞ்சி கொடுத்து, அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வாட்சைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். பத்து மணிக்கு இடது பக்கம், பன்னிரண்டு மணிக்கு வலது பக்கம், இரண்டும் நான். ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வருவார். வாட்சை வளையலுக்கு மேலே கட்டிக்கொண்டு இரண்டு மணிக்கு மல்லாக்கப் புரட்டிப் போடுவார். நான்கு மணிக்கு என் மனைவி வந்தால் மறுநாள் காலை எட்டுவரை அவள். ராத்திரியில் அவள் என்னை எழுப்பியது பத்து தடவை இருந்தால் அதிகம்.

ஆக எனக்கு விழுந்தது ஒரு நாளைக்கு இரண்டே முறை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே முறை.

இதிலும் ஒரு மறைப்பு இருந்தது. எங்கள் பக்கத்தில் பெற்றவளே ஆனாலும், மகன் தாயின் துணியை விலக்கிப் புரட்டிப் போடுகிறான் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். வீட்டில் மருமகள் எதற்கு இருக்கிறாள் என்பார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை, குலசேகரன்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். "பகல்ல யாரு புரட்டிப் போடுதா?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "எல்லாம் அவதான் சித்தி. ஸ்கூல்ல பெர்மிஷன் போட்டு வந்து வந்து செய்யுதா" என்றேன். என் மனைவி தலையாட்டினாள். சித்தி போனபிறகு, "வேலை உங்களுக்கு, நல்ல பேரு எனக்கு. நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லி வைத்தோம். நோட்டில் 'யார்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தவள் அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டாள்.

நோயாளியைப் பார்க்க வருகிற பெண்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஹார்லிக்ஸையும் ஆரஞ்சையும் வைத்துவிட்டு, அழவேண்டியதை அழுதுவிட்டு, பைய ஒரு கையை முதுகுக்குக் கீழே விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். வழவழவென்று இருந்தால் மருமகளுக்கு மதிப்பெண். இதைச் சித்தி ஒரு பரீட்சை அதிகாரி மாதிரியே செய்வாள். முதல் மூன்று தடவை வந்தபோதும், "பிறந்த பிள்ள முதுகு மாதிரி வச்சிருக்காட்டி" என்று என் மனைவியின் கன்னத்தைத் தடவி தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். ஏழு வருஷத்தில் என் உறவுக்காரர்கள் யாரும் அவளுக்கு அப்படிச் செய்ததில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன். அந்த முதுகில் என் பங்கும் உண்டு என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அதே மாதத்தில்தான் நான் அந்தச் சனியனை வாங்கினேன். ஜங்ஷனில் மேம்பாலத்துக்குக் கீழே ஒருவர் போர்வை விரித்து, மடக்குக் குடை, டார்ச் லைட், கால்குலேட்டர் எல்லாம் விற்பார். அதில் உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேம் இருந்தது. மேலேயிருந்து கட்டைகள் விழும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்கவேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். எட்டரையிலிருந்து ஒரு மணிவரை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். டிவி போட்டால் அம்மாவுக்குத் தலைவலிக்கும், முகத்தைச் சுளிப்பாள். தூங்கிப்போய்விடாமல் இருக்க இது உதவும் என்றுதான் வாங்கினேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. அம்மா கனம். விழுந்துபோன உடம்பு இன்னும் கனம். போர்வையை விலக்கும்போது வரும் வாடை, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கும் அம்மாவின் கண், அவள் தோளுக்குக் கீழே கை கொடுக்கும்போது எனக்கு வரும் கூச்சம். ஒவ்வொரு பத்து மணிக்கும் அந்தக் கட்டில் பக்கம் போக மனசு வராது. அந்த விளையாட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தால் அதெல்லாம் மறந்துவிடும். கட்டைகள் விழும். திருப்பி வைத்தால் சொன்னபடி கேட்கும்.

ஆரம்பத்தில் வாட்ச் கத்தியதும் பெட்டியை வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். பிறகு, இந்த ஆட்டம் முடியட்டும் என்று ஆயிற்று. ஆட்டம் ஐந்து நிமிஷம் என்பது பத்து ஆனது. கை தேறத் தேற ஆட்டம் நீண்டது. அதுதான் அதில் உள்ள சூது. மோசமாக ஆடுகிறவன் சீக்கிரம் எழுந்துவிடுவான். நான் நன்றாக ஆடினேன். அந்தப் பெட்டியில் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்க ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் விழுகிற கட்டை அந்தரத்தில் நிற்கும், எவ்வளவு நேரம் ஆனாலும் நமக்காகக் காத்திருக்கும். அது எனக்குத் தெரியும். வாட்சின் கத்தலை நிறுத்துவதற்கும் ஒரு பட்டன் இருந்தது. நான் எப்போதும் வாட்சைத்தான் அழுத்தினேன்.

அம்மா இடது கை விரலை மடக்கி இரும்புக் கட்டிலின் விளிம்பில் தட்டுவாள். அவளுக்கு மிச்சம் இருந்த பேச்சு அது ஒன்றுதான். "இந்தா வந்துட்டேம்மா" என்பேன். திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டுவாள். "இந்தா" என்பேன். சில நாட்களுக்குப் பிறகு அவள் ஒரே ஒரு தடவைதான் தட்டினாள். அதற்குப் பிறகு தட்டவில்லை. அம்மாவுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பெற்றவள் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்து மணி முறை முழுசாகப் போனது. பிறகு பன்னிரண்டு மணியும். பன்னிரண்டே முக்காலுக்கு, பக்கத்து வீட்டு அக்கா வருவதற்குள், பதறிப்போய் எழுந்து அம்மாவை வலது பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். நோட்டை எடுத்து இரண்டு டிக் போடுவேன். பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. எட்டு மணியிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் அம்மா மல்லாக்கவே கிடந்திருப்பாள். இரண்டு மணிக்கு அக்கா வரிசைப்படி மறுபடி மல்லாக்கப் போடுவார். அவர் நோட்டைப் பார்த்துச் செய்தார். அவர்மேல் என்ன தப்பு?

இப்படி எத்தனை நாள் என்று கேட்டால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை. என் மனைவி அம்மாவுக்கு வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். "இங்க வாங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் எட்டணாக் காசு அளவுக்குச் சிவந்து, நடுவில் தோல் கறுத்திருந்தது. அவள் விரலால் சுற்றிலும் தொட்டுப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மனைவி கையைத் துடைத்துவிட்டு நீளநோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். நான் அடுப்படியில் வெந்நீர்ப் பானையை எதற்கோ தேய்த்துக்கொண்டிருந்தேன். நோட்டை மூடி இருந்த இடத்தில் வைத்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் சம்பளம் இல்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். வாட்ச் அவள் கையிலேயே தங்கிவிட்டது. நான் அந்தப் பெட்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். ஆடுவதற்கு அதை மறுபடி எடுக்கவே இல்லை, சத்தியமாக. ஆனால் என்ன பிரயோசனம். டாக்டர் கொடுத்த மருந்துத் தூள், வாழையிலை விரிப்பு, வாடகைக்கு எடுத்த தண்ணீர் மெத்தை, எதற்கும் அது அடங்கவில்லை. எட்டணா ஒரு ரூபாயானது, பிறகு குழியானது. புண்ணைக் கழுவும்போது அம்மாவின் இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். தட்டாது, பிடித்துக்கொள்ளும். நான் வெளியே போய் நின்றுகொள்வேன். கழுவியது முழுக்க என் மனைவிதான்.

சித்தி வந்தாள். வாசலிலேயே வாடை தெரிந்திருக்கவேண்டும். வழக்கம்போலக் கையை முதுகுக்குக் கீழே விடப் போனவள், துணிக்கட்டைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நிஜமான அழுகை. அக்காளும் தங்கையும் தாய் இல்லாமல் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

அழுது முடித்துவிட்டுத்தான் என் மனைவி பக்கம் திரும்பினாள். "ஊரான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போற. இங்கன எங்கக்கா முதுகு அழுகிக் கெடக்கு. நல்லா வச்சிருக்கா, நல்லா வச்சிருக்கான்னு நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனேட்டி. பெத்திருந்தா தெரியும் உனக்கு" என்றாள்.

என் மனைவி கையில் பஞ்சும் கிண்ணமும் இருந்தன. நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயில் வார்த்தை இருந்தது. நான்தான் சித்தி, என்று இரண்டே வார்த்தை. இப்போது வேண்டாம், சித்தி கோபம் அடங்கட்டும் என்று நினைத்தேன். இந்த ஆட்டம் முடியட்டும் என்று சொன்ன அதே மனசுதான் இதையும் சொன்னது.

ஏழு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்து அம்மா போய்விட்டாள். கடைசி நாள் காலையில் அவளைப் புரட்டிப் போட என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். நான் தோளுக்குக் கீழே கை கொடுத்தேன். அம்மாவுக்கு ஒன்றுமே கனமில்லை. காற்றடைத்த தலையணை மாதிரி இருந்தாள்.

பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் காரியம் முடித்துவிட்டு வந்து, வீட்டில் பந்தி போட்டோம். முதல் பந்தியில் நான், தம்பி, மாமாமார், எதிர்வரிசையில் சித்தி. மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள். காரியத்துக்கு நேரம் பார்க்க வேண்டும் என்று காலையில் அந்த வாட்சை நான் கட்டியிருந்தேன். அம்மா போன அன்றைக்குக்கூட அதன் எண்ணிக்கையை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

என் மனைவி பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தாள். சித்தியின் இலைக்கு வந்து குனிந்தாள். சித்தி இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தாள்.

"உன் கையால எனக்கு வேண்டாம்ட்டி. எங்கக்காளக் கொன்ன கை அது."

பந்தியில் இருந்த அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். என் மனைவி வாளியைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். அவள் சித்தியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையை டீச்சர் பார்க்கிற பார்வை. அப்போது என் கையில் வாட்ச் கத்தியது. நாற்பது பேர் அமைதியாக இருக்கிற கூடத்தில் அந்தச் சின்னக் கத்தல் பெரிதாகக் கேட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இடது கையை மடிக்குக் கொண்டுபோய்ப் பட்டனை அழுத்தினேன். அழுத்திவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அவள் அடுத்த இலைக்குப் போனாள்.

சாயங்காலம் ஆட்கள் எல்லாம் போனபிறகு அவள் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவளே பேசினாள்.

"அன்னைக்கு நோட்டப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிட்டு. பத்து மணி டிக்கும் பன்னெண்டு மணி டிக்கும் ஒரே அழுத்தத்துல, ஒரே சாய்வுல, ஒரே மூச்சுல போட்டது. படிக்காமலே டிக் போடுத நோட்ட நான் எத்தன பாத்திருக்கேன். என் டிக்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், தூக்கக் கலக்கத்துல கோணிப் போயிருக்கும். உங்க டிக்கு மட்டும் அழகா இருந்துச்சு."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டு என்ன செய்ய? புண்ணு வந்துட்டு. பாத்துக்கிடுவோம்னு நான் லீவு போட்டேன்." கையிலிருந்த தட்டைக் கவிழ்த்தாள். "சித்தி வந்து கத்துன அன்னைக்கு நீங்க சொல்லுவியன்னு இருந்தேன். இன்னைக்குப் பந்தியில கண்டிப்பா சொல்லுவியன்னு இருந்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. தட்டுகளைக் கவிழ்த்து முடித்துவிட்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு மாதம் எனக்கு எதுவும் இறங்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணில் ஏறி அந்தப் பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, திருச்செந்தூர் வழியாகக் குலசேகரன்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மணி, பன்னிரண்டு மணி, வாட்ச், ஆட்டம், அம்மா கட்டிலைத் தட்டியது, நான் திரும்பாதது. ஒன்றையும் விடவில்லை. தான் மகளைப்போல் தட்டிக்கொடுத்த என் மனைவியையே அவள் அப்படிப் பேசியது அநியாயம் என்றும் சொன்னேன். கடைசியில் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

சித்தி கேட்டு முடித்தாள். அவள் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ உங்கம்மா மாதிரியேலே. அவளும் இப்படித்தான், அடுத்தவிய பழியெல்லாம் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுவா. ஏலே, ஆம்பளப் பிள்ள நீ, பெத்தவளப் புரட்டிப் போட்டியா? நீதானல என் மூஞ்சியப் பாத்துச் சொன்ன, எல்லாம் அவதான் செய்யுதான்னு? இப்பம் வந்து மாத்திச் சொன்னா நான் என்ன பச்சப்பிள்ளையா நம்புததுக்கு?"

"சத்தியமாச் சித்தி. பக்கத்து வீட்டு அக்காட்ட வேணா கேளுங்க."

"அவளுக்கும் சொல்லிக் குடுத்திருப்பா." சித்தி அந்தப் பெட்டியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள். "பொண்டாட்டி சொல்லுதான்னு இப்படியா வந்து நிப்ப? சின்னப் பிள்ளைக வெளையாட்டுச் சாமான ஒண்ணக் கையில வேற குடுத்து விட்டுருக்கா பாரு. வெவரமானவதான்."

நான் பொய் சொன்னபோது ஒரே வார்த்தையில் நம்பியவள், உண்மைக்கு எத்தனை சத்தியம் செய்தும் அசையவில்லை. எனக்குச் சாப்பாடு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து சாப்பிடச் சொன்னாள். கிளம்பும்போது என் தலையைத் தடவி, "நீ நல்ல மனசுக்காரன்லே" என்றாள். செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் ஒரு சாக்கடையில் அந்தப் பெட்டியைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டிருந்தது. என் மனைவி மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சித்திட்ட போயி எல்லாத்தையும் சொன்னேன்" என்றேன்.

அவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நம்பல. நீ சொல்லிக்குடுத்து அனுப்புனதா நெனைக்கா."

"இனிமே நம்ப மாட்டாவ. அன்னைக்குப் பந்தியில, வாட்ச அமுத்தாம வாயத் தெறந்திருந்தா நம்பிருப்பாவ" என்றாள். அதைக் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. கணக்கு தப்பான பிள்ளைக்கு எந்த வரியில் தப்பு என்று காட்டுகிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு நோட்டுக்குத் திரும்பினாள். ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் டிக் போட்டாள்.

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். பதினாறாம் நாள் கட்டிய வாட்சை நான் இன்னும் கழற்றவில்லை. கையில் வாட்ச் கத்தியது. இந்தத் தடவை அதை நான் அழுத்தவில்லை. கத்தி முடித்து, தானாகவே மறுபடி இரண்டு மணி நேரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தது. நான் எழுந்து அம்மாவின் அறைவாசல்வரை போனேன். கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தோம். அது கிடந்த இடத்தில் நான்கு கால்களின் தடம் மட்டும் சிமெண்டில் இருந்தது.